கம்பெனி கொடுக்கிற இன்சூரன்ஸ்

போன வருடம் எனக்கு வேலை போனது. அந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை அப்படியே உட்கார வைத்தது கோப்ரா கடிதம்தான். அமெரிக்காவின் கோப்ரா சட்டப்படி, வேலை போனாலும் அதே மருத்துவக் காப்பீட்டைப் பதினெட்டு மாதம் வரை தொடரலாம். ஆனால் முழு பிரீமியத்தையும் நாமே கட்ட வேண்டும், அதற்கு மேல் நிர்வாகச் செலவு என்று 2 சதவீதம். எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து மாதம் 2,000 டாலரைத் தாண்டியது. அதுவரை என் சம்பளத்தில் மாதம் ஐந்நூறு சொச்சம்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்நூறுதான் இன்சூரன்ஸின் விலை என்று பன்னிரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். மீதி எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அமெரிக்காவில் மருத்துவச் சீர்திருத்தம் பற்றிய சண்டை ஏன் எப்போதும் ஒரே முட்டுச்சந்தில் போய் நிற்கிறது என்பது அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது ஒரு அண்ணனோடு இந்தப் பேச்சு வந்தது. நல்ல மனிதர், ஊரில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதலில் போய் நிற்பவர். அவர் சொன்னார்: "தம்பி, எனக்கு கம்பெனி இன்சூரன்ஸ் தருது. இவங்க அரசாங்க இன்சூரன்ஸ்னு சொல்லி என் வரியை ஏத்துவாங்க. சும்மா கிடைக்கறதை விட்டுட்டு நான் எதுக்கு வரி கட்டணும்?"

"அண்ணே, உங்க டபிள்யூ-2 ஃபார்ம் ஃபோன்ல இருக்கா? பன்னிரண்டாவது கட்டத்துல டிடின்னு போட்டு ஒரு தொகை இருக்கும், பாருங்க."

வருடச் சம்பளத்தையும் வரியையும் காட்டி கம்பெனி கொடுக்கும் அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தார். 26,000-ஐ ஒட்டிய ஒரு எண். "இது என்னது? இதுக்கு வரி பிடிச்சாங்களா?"

"இல்லண்ணே. வருஷம் முழுக்க உங்க குடும்ப இன்சூரன்ஸுக்குப் போன மொத்தப் பணம். கம்பெனி கட்டினதும் உங்க சம்பளத்துல பிடிச்சதும் சேர்த்து."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் அந்தக் கடிதம் வந்த அன்று அப்படித்தான் இருந்தது.

அவருடைய எண் விதிவிலக்கு இல்லை. 2024-ல் கம்பெனிகள் வழியாக எடுக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் தொழிலாளியின் சம்பளத்தில் கண்ணுக்குத் தெரியப் பிடிப்பது சராசரியாக 6,300 டாலர் அளவுக்கு. மீதியைக் கம்பெனி கட்டுகிறது என்கிறோம். ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது இந்த ஆளுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்றுதான் எந்த நிறுவனமும் கணக்குப் போடும். இன்சூரன்ஸுக்குப் போவது சம்பளமாக வராது. பொருளாதார அறிஞர்கள் மற்ற விஷயங்களில் எப்படி மோதிக்கொண்டாலும் இதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். நம் வீட்டு நெய்யைத்தான் நம் இலையில் ஊற்றுகிறார்கள். நாம் நன்றி சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறோம்.

இந்த ஏற்பாட்டை யாரும் யோசித்து உருவாக்கவும் இல்லை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1942-ல், விலைவாசியைக் கட்டுப்படுத்த சம்பள உயர்வுக்கு அரசு தடை போட்டது. இன்சூரன்ஸ் அந்தத் தடைக்குள் வரவில்லை. ஆள் கிடைக்காமல் தவித்த கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் அதைக் காட்டி ஆட்களை இழுத்தன. 1954-ன் வரிச்சட்டம் அதற்கு வரி கிடையாது என்று உறுதிசெய்தது. போர் முடிந்தும் பழக்கம் போகவில்லை. இன்று பதினைந்து கோடிக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவம் அவர்களுடைய வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. உடம்புக்கு முடியாமல் வேலை போனால், சிகிச்சை மிகத் தேவைப்படும் நேரத்தில் காப்பீடும் கூடவே போகிறது.

இதைத் தெரியாமல் விவாதத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2019-ல் நடந்த ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் விவாத மேடைகளே சாட்சி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு தரும் மெடிகேர் காப்பீட்டை எல்லோருக்கும் விரிக்கும் திட்டத்தை ஆதரித்த எலிசபெத் வாரனிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, நடுத்தர வர்க்கத்துக்கு வரி கூடுமா என்பது. மொத்தச் செலவு குறையும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், கூடும் என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு அந்தக் கேள்வியிலேயே வருத்தம், பதிலிலும் வருத்தம். வரி கூடும், பிரீமியம் போகும், இரண்டையும் கழித்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு லாபமா நஷ்டமா என்று நேராகப் பேசியிருக்கலாம். சிலருக்கு லாபம், சிலருக்கு நஷ்டம். அதைச் சொல்வதில் என்ன தயக்கம்?

காப்பீடு இல்லாவிட்டாலும் எமர்ஜென்சிக்குப் போனால் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்பது அடிக்கடி காதில் விழும் இன்னொன்று. 1986-ன் சட்டப்படி மருத்துவமனை பரிசோதிக்க வேண்டும், அவசர நிலையைச் சீராக்க வேண்டும். அவ்வளவுதான். கீமோதெரபி அந்தச் சட்டத்தில் கிடையாது, மாதா மாதம் வாங்க வேண்டிய இன்சுலின் கிடையாது. பில்லும் வீட்டுக்கு வரும்.

சீர்திருத்தம் வேண்டும் என்கிற என் தரப்பு ஆட்களும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் லாபத்தைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் பல வருடம் பேசியிருக்கிறேன். அவர்கள் மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு. முன் அனுமதி என்ற பெயரில் என் அம்மாவின் ஸ்கேனை மூன்று வாரம் இழுத்தடித்தவர்களை மறக்க மாட்டேன். ஆனால் 2010 சட்டப்படி அவர்கள் வாங்கும் பிரீமியத்தில் 80 அல்லது 85 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவழித்தாக வேண்டும். நிர்வாகமும் லாபமும் மீதிக்குள்தான். லாபம் முழுவதையும் துடைத்தெடுத்தாலும், 2023-ல் இந்த நாடு மருத்துவத்துக்குச் செலவழித்த 4.9 டிரில்லியன் டாலரில் சிறு பகுதிதான் குறையும்.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? அமெரிக்கர்கள் தேவையில்லாமல் டாக்டரிடம் ஓடுகிறார்கள் என்பது எதிர்ப்பக்கத்தின் பதில். பொருளாதார அறிஞர் உவே ரைன்ஹார்ட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2003-லேயே மற்ற பணக்கார நாடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இங்கே மக்கள் டாக்டரைப் பார்ப்பதும் மருத்துவமனையில் தங்குவதும் அதிகம் இல்லை. அதே சிகிச்சைக்கு, அதே மாத்திரைக்கு வாங்கும் விலைதான் அதிகம். ஒரே மருத்துவமனை, ஒரே ஆபரேஷன். தனியார் காப்பீடு கொடுப்பது மெடிகேர் கொடுப்பதைப்போல் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல்.

விலை பார்த்து வாங்கினால் குறையும் என்பார்கள். ஆம்புலன்சில் படுத்திருப்பவர் எந்த விலையைப் பார்ப்பார்? எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022-ல் நடைமுறைக்கு வந்த சட்டமே சாலையில் ஓடும் ஆம்புலன்சை விட்டுவிட்டது. கைக்காசு போட வேண்டியிருந்தால் மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று 1970-களில் ராண்ட் ஆய்வு நிறுவனம் பெரிய சோதனையே நடத்தியது. செலவு குறையத்தான் செய்தது. ஆனால் தேவையற்ற சிகிச்சையைக் குறைத்த அதே அளவுக்குத் தேவையான சிகிச்சையையும் மக்கள் குறைத்துக்கொண்டார்கள். எது தேவை என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்கத்தானே டாக்டரிடம் போகிறோம்.

விலையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றதும் சோஷலிசம் என்று ஒரு கூச்சல் எழும். மேரிலாண்டில் மருத்துவமனைக் கட்டணத்தை 1970-களிலிருந்தே மாநில ஆணையம் நிர்ணயிக்கிறது. யாருடைய இன்சூரன்ஸாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே கட்டணம். மருத்துவமனைகள் தனியாரிடம்தான் இருக்கின்றன, காப்பீட்டு நிறுவனங்களும் அப்படியே. ஜெர்மனியில் 1883-ல் மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்த பிஸ்மார்க் சோஷலிஸ்டுகளின் பரம எதிரி. ஸ்விட்சர்லாந்தில் இன்றைக்கும் தனியார் நிறுவனங்களே காப்பீடு தருகின்றன. அடிப்படைக் காப்பீட்டில் மட்டும் லாபம் எடுக்கக் கூடாது. அரசா தனியாரா என்று நாம் வருடக்கணக்காகக் கத்துகிறோம். இந்த இடங்களிலெல்லாம் விலையை யார் முடிவுசெய்வது என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

2025 அக்டோபர் தொடங்கி மத்திய அரசு 43 நாள் முடங்கிக் கிடந்ததும், கம்பெனி வழியாக இல்லாமல் தாமாகக் காப்பீடு வாங்குபவர்களுக்கு அரசு தந்த கூடுதல் பிரீமிய மானியத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்ற சண்டையால்தான். மானியம் வேண்டும் என்பதுதான் என் கட்சி, அதில் சந்தேகம் இல்லை. அந்தக் கூடுதல் மானியம் 2025 இறுதியோடு நின்றது. அது நின்றால் காப்பீட்டையே கைவிடுகிற நிலையில் இருந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஆனால் அந்த 43 நாளும் பேசியது பில்லை யார் கட்டுவது என்பதைத்தான். பில் ஏன் இவ்வளவு என்று கேட்ட குரல் என் காதுக்கு எட்டவில்லை. கேட்டால் நடக்காது என்றும் இல்லை. மருந்து விலையைப் பேரம் பேச மெடிகேருக்கு 2003-ல் சட்டமே தடை போட்டிருந்தது. 2022-ல் அந்தத் தடையில் கொஞ்சம் தளர்த்தினார்கள், முதல் பத்து மருந்துகளுக்குப் பேசி முடித்த விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அந்த அண்ணன் மறு வாரம் என்னைத் தேடி வந்தார். ஐந்து வருட டபிள்யூ-2 எல்லாவற்றையும் எடுத்து, டிடி எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார், பக்கத்திலேயே சம்பள உயர்வையும். "எனக்கு இன்னும் அரசாங்கம் மேல நம்பிக்கை வரல தம்பி. ஆனா இது என் காசுன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார். பிறகு ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். இத்தனை வருடத்தில் இந்த விஷயத்தில் நான் போட்ட உருப்படியான முதல் சண்டை அதுதான். கருத்து எழுத வருகிறவர்கள் முதலில் உங்கள் பன்னிரண்டாவது கட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தப் பக்கமாக இருந்தாலும் பேசுவோம்.