"ஒரு பதக்கம் உண்டா?" என்று கேட்டவர்களுக்கு

நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பட்டியலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இந்திய ஹாக்கியின் தலைசிறந்த பத்துப் பேராம். தன்ராஜ் பிள்ளை பெயர் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக் கீழே கேட்டேன். "நாலு ஒலிம்பிக் ஆடினார், ஒரு பதக்கம் உண்டா?" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு விழுந்த லைக்குகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஆமாம், நாலு ஒலிம்பிக் ஆடினார். பார்சிலோனா, அட்லாண்டா, சிட்னி, ஏதென்ஸ். கூடவே நாலு உலகக் கோப்பை, நாலு சாம்பியன்ஸ் டிராபி, நாலு ஆசிய விளையாட்டு. 1989இல் இந்தியாவுக்கு ஆட வந்தவர் 2004 வரை ஓடினார். முந்நூறு ஆட்டங்களுக்கு மேல். உடம்பும் ஆட்டமும் தேறாதவனை யாராவது பதினைந்து வருஷம் வைத்திருப்பார்களா?

பதக்கமே இல்லை என்கிறீர்களே, ஆசிய விளையாட்டு கணக்கில் வராதா? 1990 பெய்ஜிங்கில் வெள்ளி, 1994 ஹிரோஷிமாவில் வெள்ளி, 1998 பாங்காக்கில் தங்கம், 2002 பூசானில் வெள்ளி. பாங்காக்கில் அவர்தான் கேப்டன். 1966க்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் கழித்து வந்த தங்கம் அது. 2003 ஆசியக் கோப்பையும் அவர் தலைமையில் வந்ததுதான். இதையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு "ஒரு பதக்கம் உண்டா" என்று கேட்டால் கோபம் வராதா?

சரி, ஒலிம்பிக்கையே பேசுவோம். ஹாக்கி பதினோரு பேர் ஆடும் ஆட்டம். தன்ராஜ் முன்வரிசைக்காரர். இரண்டு மூன்று பேரைத் தாண்டி எதிரணி கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் புகுந்து பெனால்டி கார்னர் வாங்கிக் கொடுப்பார். எதிரணி செய்யும் தவறுக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பு அது. அதை கோலாக்கும் வேலை வேறு ஆளுடையது, அங்கேதான் அந்தக் காலத்து இந்திய அணி திணறிக்கொண்டே இருந்தது. சிட்னியில் போலந்தை ஜெயித்திருந்தால் அரையிறுதி. ஆட்டம் முடியும் நேரத்தில் போலந்து ஒரு கோல் அடித்து 1-1 ஆக்கியது. பின்வரிசையில் வாங்கிய அந்தக் கோலுக்கு முன்வரிசையில் நின்றவர் இன்றுவரை பதில் சொல்ல வேண்டுமா?

1996 டிசம்பரில் சாம்பியன்ஸ் டிராபி சென்னையில் நடந்தது. அண்ணன் என்னை எழும்பூர் ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஆட்டத்துக்கு முன்னால் டர்ஃபில் தண்ணீர் அடிப்பார்கள். தன்ராஜ் ஓடும்போது காலடியில் அந்தத் தண்ணீர் தெறிப்பது காலரியிலிருந்தே தெரிந்தது. இடுப்பு வளைய, பந்து ஸ்டிக்கை விட்டு அகலாமல், முடி பின்னால் பறக்க ஏறிப் போவார். பந்து அவரிடம் போனாலே கூட்டம் எழுந்து நின்றுவிடும். அந்தத் தொடரில் இந்தியா நாலாவது இடம்தான். பதக்கம் இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்த அண்ணன் ராத்திரி முழுக்க ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வளைவைப் பழகிக்கொண்டிருந்தான்.

அண்ணனும் நன்றாக ஆடினவன். மாநில அளவு வரை போனான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலைக்கு இண்டர்வியூ போனபோது சர்டிபிகேட்டுகளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கேட்டார்கள், "மெடல் ஏதாவது இருக்காப்பா?" இல்லை என்றான். அவ்வளவுதான் இண்டர்வியூ. அதற்கப்புறம் அவன் ஸ்டிக்கைத் தொடவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி எனக்கு இவ்வளவு வலிக்கிறது. மறைக்க ஒன்றும் இல்லை.

"புனேக்காரரைத் தமிழர் என்பதற்காகத் தூக்கிப் பிடிக்கிறாய்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதில் எனக்குப் பெருமை உண்டு, அதைச் சொல்ல எதற்குக் கூச்சப்பட வேண்டும்? ஆனால் புனே பக்கம் கட்கியில் ஆயுதத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்தவரின் மகன் அவர். ஸ்டிக் வாங்கக் காசில்லாமல், உடைந்ததைக் கயிற்றால் கட்டி ஆடிய அண்ணன் தம்பிகளில் ஒருவர். அங்கிருந்து கிளம்பி இந்திய கேப்டன் ஆனவரை யாராக இருந்தாலும் தூக்கித்தான் பிடிப்பேன்.

பாஸ் கொடுக்க மாட்டார் என்பவர்கள் அவர் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள். விடுங்கள்.

கோபக்காரர் என்கிறீர்கள். உண்மைதான், வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவர். எதற்காகக் கோபப்பட்டார்? வீரர்களுக்குத் தினப்படி போதவில்லை, வசதி போதவில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். பாங்காக் தங்கத்தோடு திரும்பிய கேப்டனையும் இன்னும் ஆறு மூத்த வீரர்களையும் அடுத்த தொடருக்கு எடுக்கவில்லை. "ஓய்வு கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். முப்பத்திரண்டு வருஷத் தங்கத்துக்கு நாடு கொடுத்த பரிசு அதுதான். வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே ஸ்டிக்கை மூலையில் போட்டிருப்பான். அவர் திரும்பி வந்து இன்னும் இரண்டு ஒலிம்பிக் ஆடினார். ஏதென்ஸில், கடைசி ஒலிம்பிக்கில், அவரைப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதைப் பார்த்து எங்கள் வீட்டில் டிவியை அணைத்துவிட்டோம்.

அவர் போன பிறகு என்ன ஆனது? 1928 முதல் ஒரு ஒலிம்பிக்கையும் விடாமல் ஆடிய இந்தியா, 2008 பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வாங்கிய பிள்ளைகள் மேல் எனக்கு அவ்வளவு பாசம். ஆனால் அந்த வறட்டு வருஷங்களில், கிரிக்கெட் மட்டும்தான் விளையாட்டு என்று நாடே நம்பத் தொடங்கிய காலத்தில், ஹாக்கிக்காகச் சனத்தை மைதானத்துக்கு இழுத்து வந்தவர் யார் என்று அந்தப் பிள்ளைகளின் பயிற்சியாளர்களைக் கேளுங்கள்.

பட்டியலில் அவரைச் சேர்க்கச் சொல்லி இனி கேட்க மாட்டேன். உங்கள் பட்டியல், உங்கள் விருப்பம். அந்தப் பதிலை மட்டும் அழித்துவிடுங்கள்.