மூடுபனியில் ஹை பீம் உதவாது

"சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலையில் மூடுபனி என்றால் ஹை பீம் போடுங்கள், நன்றாகத் தெரியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள்தான். தூரத்துக்கு நேராக அடிக்கும் ஹை பீம் வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர் நிற்பது போலத்தான் இருக்கும். லோ பீம் கீழ்நோக்கி விழுவதால் சாலை ஓரமாவது தெரியும். ஃபாக் லைட் இருந்தால் அதையும் போடலாம்.

அப்புறம், வண்டி ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் எரிய விடாதீர்கள். திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். நீங்கள் திரும்புவது பின்னால் வரும் கரும்பு லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்? பனி அடர்த்தியாக இருந்தால் மலையடிவாரத்துப் பண்ணாரியிலேயே நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு, வெயில் ஏறியதும் கிளம்புங்கள்.