அட்வான்ஸைத்தான் திருப்பிக் கொடுத்துட்டாரேன்னு கேக்குறவங்களுக்கு

வாடகைக்கு வீடு தர்றேன்னு அட்வான்ஸ் வாங்கிட்டு, குடிவர்ற அன்னிக்குத் திருநங்கைன்னு தெரிஞ்சதும் ஒரு பொண்ணுக்கு வீடு இல்லன்னுட்டார் ஒரு ஹவுஸ் ஓனர். காலையிலருந்து ஆளாளுக்கு அவருக்கு வக்காலத்து. அவர் வீடு, அவர் இஷ்டமாம். அட்வான்ஸைத்தான் முழுசாத் திருப்பிக் கொடுத்துட்டாராம். சாமானை வண்டியில ஏத்திக்கிட்டு வந்த பொண்ணைத் தெருவுல நிறுத்தி, திருநங்கைன்னு ஏன் சொல்லலன்னு நாலு பேர் முன்னாடி கேட்டாரே, அதை எப்படித் திருப்பிக் கொடுப்பார்?

திருநங்கைன்னு காரணம் சொல்லி வீடு மறுக்கக்கூடாதுன்னு 2019-ல வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துலயே இருக்குங்க. ஆனா தண்டனை சொல்ற 18-ஆம் பிரிவைப் படிங்க. குடியிருக்குற வீட்டைவிட்டு, ஊரைவிட்டுத் துரத்தினா தண்டனை உண்டு. வாடகைக்கே விடமாட்டேன்னா? அந்தப் பட்டியல்ல இல்ல. பாலியல் கொடுமைக்கே அந்தச் சட்டத்துல அதிகபட்சம் ரெண்டு வருஷம்தான், வீட்டுக்கா கேக்கப் போறாங்க.

எங்க அக்காவும் திருநங்கைதான், அவளுக்கு மதுரையில வீடு தேடினோம். போன்ல நான் பேசினா வீடு காலியா இருக்கும், அக்கா நேர்ல போய் நின்னா இப்பதான் வேற ஆளுக்கு முடிஞ்சிருச்சும்பாங்க. ஒருத்தர் தர்றேன்னார், ஆனா பக்கத்து போர்ஷனைவிட வாடகை அதிகம், ஆம்பளைங்க யாரும் வரக்கூடாதுன்னு கண்டிஷன் வேற. கூடப்பிறந்த தம்பி நானே வரக்கூடாதாம்!

திருநங்கைங்க கடைகடையா காசு கேக்குறாங்க, மிரட்டுறாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். சிலர் பண்றாங்க, இல்லங்கல. ஆனா இப்ப வீடு கிடைக்காத இந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில நர்ஸு, மாசாமாசம் சம்பளம் வாங்குது. அதுக்கும் வீடு இல்லன்னா பிரச்சன காசு கேக்குறது இல்லயே.

தமிழ்நாடு எவ்வளவோ பண்ணியிருக்குன்னு சொல்றீங்க. உண்மைதான், 2008-லயே திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்துச்சு. 2019-ல ஹைகோர்ட் மதுரைக் கிளை, தூத்துக்குடி ஜோடி வழக்குல, திருநங்கை கல்யாணத்தைப் பதிவு பண்ணித்தான் ஆகணும்னுச்சு. கல்யாணம் செல்லும், சரி, குடித்தனம் எங்க வைக்கிறது?

நம்ம கலாச்சாரம்னு ஆரம்பிக்காதீங்க. கடை திறப்புக்குத் திருநங்கைகளைக் கூப்பிட்டு அவங்க கையால காசு வாங்கிக் கல்லாவுல போடுறீங்க, அந்தக் கை உங்க மாடி வீட்டுல சமைக்கக்கூடாதா?

வெளியாளுங்கள மட்டும் சொல்லி என்ன. என் கல்யாணப் பத்திரிகையில அக்கா பேர் இல்ல. முகூர்த்தத்துக்கு வேணாம், ரிசப்ஷனுக்கு வரச் சொல்லுன்னாங்க எங்க வீட்டுப் பெரியவங்க. அக்கா ரெண்டுக்குமே வரல. இதுல ஃபேமிலி இருக்குற காம்பவுண்டு, திருநங்கைக்கு எப்படி வீடு தர்றதுன்னு என்கிட்ட வந்து எழுதுறீங்க, எங்க அக்காவுக்கு ஃபேமிலி இல்லாமப் பண்ணினது யாரு?

அன்ஃப்ரெண்ட் பண்றவங்க தாராளமா பண்ணிக்கோங்க. மதுரையில வீடு வச்சிருக்கவங்க யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ் வாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு ரூமும் கிச்சனும் போதும், நைட் டூட்டி இருக்கு, பஸ் ஸ்டாப் பக்கமா இருந்தா நல்லது.