போணியாகாத மனை

(பார்சிலோனா. பார்க் குவெல். உடைந்த ஓட்டுச் சில்லு பதித்த, பாம்பாய் வளைந்து ஓடும் நீள பெஞ்சில் ஓய்வுபெற்ற மனை புரோக்கர் கணேசன். பக்கத்தில் போனும் கையுமாக மனைவி சரோஜா.)

கணேசன்: ஒரு டைல்ஸாவது முழுசா இருக்கா பாரு.

சரோஜா: வேணும்னே உடைச்சு ஒட்டினதாம். என்னங்க, இதுவும் உங்க தொழில்தான். குவெல்னு ஒரு பணக்காரர் 1900-ல இந்த மலையை அறுபது மனையாப் போட்டு, கௌடிங்கிற கட்டடக் கலைஞர்கிட்ட வேலையை விட்டிருக்காரு. ஸ்டைலுக்கு ‘பார்க்’னு இங்கிலீஷ் பேரு.

கணேசன்: நாங்க ‘கிரீன் சிட்டி’ன்னு வைக்கல? வாசல் ஆடம்பரத்தைப் பார்த்தப்பவே நெனச்சேன். எத்தனை வீடு வந்துச்சு?

சரோஜா: ரெண்டு. அதுல ஒண்ணு மாடல் ஹவுஸ்.

கணேசன்: அதாவது போச்சே!

சரோஜா: வாங்கினது யாருங்கிறீங்க? கௌடியேதான். 1906-ல அப்பாவையும் அக்கா மகளையும் கூட்டிட்டுக் குடி வந்துட்டாரு.

கணேசன்: அடப்பாவமே. தண்ணிக் கஷ்டமோ?

சரோஜா: அதெல்லாம் இல்ல. இந்தத் திடல்ல விழுற மழை கீழ மண்டபத்துத் தூணுக்குள்ளயே இறங்கித் தொட்டிக்குப் போகுது. மிச்சம் அந்தப் படிக்கட்டுப் பல்லிச் சிலை வாய் வழியா வருமாம். 86 தூண் மண்டபமே சந்தைக்குக் கட்டினதுதான்.

கணேசன்: தண்ணி, சந்தை, கடல் பார்த்த மனை! வேன் விட்டு, மதியம் பிரியாணி போட்டிருந்தா ஒரே ஞாயித்துக்கிழமையில முடிச்சிருப்பேன்.

சரோஜா: மனையில ஆறுல ஒரு பங்குதான் கட்டணுமாம்.

கணேசன்: ...பிரியாணி போட்டாலும் தேறாது.

சரோஜா: ஊருக்கு வெளிய. வண்டி வசதியும் இல்ல.

கணேசன்: ‘பஸ் ஸ்டாண்டு பத்தே நிமிஷம்’னு நோட்டீஸ் அடிக்க வேண்டியதுதானே?

சரோஜா: நீங்க அடிச்சீங்களே. நடந்தா, ஏரோப்பிளேன்லயான்னுதான் போடல.

கணேசன்: சரி விடு. அப்புறம்?

சரோஜா: 1914-ல வேலையை நிறுத்திட்டாங்க. குவெல் போனப்புறம் நகராட்சி வாங்கி, 1926-ல பூங்காவாத் திறந்துவிட்டுச்சு. விக்காத மனையைப் பார்க்க இன்னைக்கு நாம டிக்கெட் எடுத்து வந்திருக்கோம். ஆமா, நம்ம லேஅவுட்ல எத்தனை வீடு?

கணேசன்: ...ஒண்ணு.

சரோஜா: யாரோடது?

கணேசன்: மாடல் ஹவுஸ்தான். இருபது வருஷமா நாமதானே இருக்கோம். கௌடியும் அதைத்தானே செஞ்சாரு!

சரோஜா: அவரு பாடுபட்டு ஓடு பதிச்சுப் பல்லி செஞ்சாரு. நம்ம வீட்டுல அதது தானா வந்துச்சு.

கணேசன்: (யோசித்து) எதுக்கும் இங்க டிக்கெட் என்ன விலைன்னு பாரு.