பார்த்ததை வரைந்தவளுக்கு இரண்டு மதிப்பெண்

போன பருவத் தேர்வில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அறிவியல் விடைத்தாளுக்கு நான் போட்ட மதிப்பெண் இன்னும் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது. நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். பதினெட்டு வருட சர்வீஸ். செல் பாடம் நடத்த வேண்டிய நாளில், எங்களிடம் இருந்த ஒரே நுண்ணோக்கியின் லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது. சரி என்று என் போனை மேசையில் மல்லாத்தி வைத்து, செல்ஃபி கேமராவைத் திறந்து, அதன்மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அந்தச் சொட்டே லென்ஸாகிவிடும். வெங்காயத்தின் உள்தோலை மெல்லிசாக உரித்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சொட்டுக்கு மேலே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கினால், ஒரு இடத்தில் திரை தெளிந்து கட்டம் கட்டமாகச் செல்கள் வந்து நிற்கும். முப்பத்தாறு பிள்ளைகளும் மேசைமேல் கவிழ்ந்துவிட்டார்கள். "செங்கல் சுவரு மாதிரி இருக்கு சார்" என்றான் ஒருவன். "இல்ல சார், எங்க அம்மாச்சி முடையுற ஓலைப்பாய் மாதிரி இருக்கு" என்றாள் அவள். அவள் சொன்னதுதான் சரி. ஒன்றோடொன்று சாய்ந்து பின்னிக்கொண்டதுபோலத்தான் இருந்தன.

தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி: தாவர செல்லின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும். அவள் புத்தகப் படத்தை வரையவில்லை. நீள நீளமான கட்டங்களைச் சாய்வாக அடுக்கி, ஓரமாக ஒரு வட்டம் போட்டு, "காற்றுக் குமிழ்" என்று எழுதியிருந்தாள். செல்சுவரைக் குறித்துவிட்டு, கீழே "உட்கரு தெரியவில்லை" என்று ஒரு வரி. விடைக்குறிப்பில் செல்சுவர், உட்கரு, நுண்குமிழ், பசுங்கணிகம் எல்லாம் இருந்தால்தான் முழு மதிப்பெண். நான் இரண்டு போட்டேன். புத்தகப் படத்தை அப்படியே வரைந்திருந்த பக்கத்துப் பையனுக்கு ஐந்து.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நிறமேற்றாத வெங்காயத் தோலில் அப்படிப் பார்த்தால் உட்கரு தெரியாது, பசுங்கணிகம் அதில் கிடையவே கிடையாது. கண்ணால் கண்டதை எழுதி, காணாததைக் காணவில்லை என்று சொன்ன பிள்ளைக்கு இரண்டு. அறிவியல் என்றால் அதுதானே? பதினெட்டு வருடமாக நான் நடத்திக்கொண்டிருப்பதாக நம்பியது அதைத்தானே?

இதிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிகிற ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் மாறாதவரை, பள்ளிக்கூடத்துக்குள் என்ன கருவி வந்தாலும் அது கடைசியில் கேள்வித்தாளுக்குத்தான் ஊழியம் செய்யும்.

கருவிகள் நிறைய வந்திருக்கின்றன, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2011இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்தது. அது சாதாரண விஷயம் இல்லை. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு இருந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அப்புறம் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள், திறன் வகுப்பறைகள். எங்கள் பள்ளியிலும் ஒரு ஆய்வகம் இருக்கிறது, குளிர்சாதன வசதியோடு. பிள்ளைகளுக்கு அந்த அறை என்றால் கொண்டாட்டம்.

ஆனால் அங்கே பெரும்பாலான நாட்களில் நடப்பது என்ன? வினாடி வினா. பிள்ளைகளை அணி அணியாக உட்கார வைக்க வேண்டும். திரையில் கேள்வி வரும், கீழே அ, ஆ, இ, ஈ. ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருபது கேள்வியையும் மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்தான். கேள்வியைப் படிக்கக்கூட அந்த நேரம் போதாது. பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கேள்வியைக் காட்டி, ஏன் ஈ போட்டாய் என்று கேட்டேன். "ரொம்ப நேரமா ஈ வரவேயில்ல சார், அதான்" என்றான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. புக் பேக் ஒரு மதிப்பெண் கேள்விகளை, விடையைக்கூட விட்டுவிட்டு, "நாலாவதுக்கு இ, அஞ்சாவதுக்கு ஆ" என்று எழுத்தாகவே மனப்பாடம் பண்ண வைக்கும் ஸ்பெஷல் கிளாஸை நாமும்தான் நடத்தியிருக்கிறோம். மெல்லக் கற்போர் என்று பிரித்து, மினிமம் மெட்டீரியல் கையில் கொடுத்து, எழுத்துத் தேர்வில் எழுபத்தைந்துக்கு இருபது எடுத்துவிடு, செய்முறையைச் சேர்த்து முப்பத்தைந்து வந்துவிடும் என்று கரையேற்றும் வேலையைத்தான் பத்தாம் வகுப்பில் வருடா வருடம் செய்கிறோம். பிள்ளை தேறிவிடுகிறது. தேர்ச்சி விழுக்காடு உயர்கிறது. பிள்ளை கற்றது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

நல்ல திட்டம் வராமலும் இல்லை. 2012இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். எழுத்துத் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40. பிள்ளை ஒரு செயலைச் செய்து காட்டலாம், ஊர்க் குளத்தைப் பற்றி விசாரித்து எழுதலாம், பாடலாம், நடிக்கலாம். காகிதத்தில் அவ்வளவு அழகான திட்டம். இரண்டு வருடத்தில் என்ன ஆனது? புராஜெக்ட் என்றால் பிரவுசிங் சென்டரில் போய்ப் படம் பிரிண்ட் எடுத்துச் சார்ட்டில் ஒட்டி வருவது என்று ஆகிவிட்டது. அப்பா அம்மாவுக்கு ஐம்பது ரூபாய் செலவு, பிள்ளைக்குப் பத்தொன்பது மதிப்பெண், எங்களுக்குப் பதிவேட்டில் ஒரு வரி. அந்த நாற்பது மதிப்பெண்ணைக் கையாள எங்களுக்கு நேரமும் கொடுக்கவில்லை, பயிற்சியும் போதவில்லை. மேலே பத்தாம் வகுப்பில் வருவது பழைய தேர்வுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கணிப்பில் அதுதான் முக்கியக் காரணம்.

ஒரு பைசா செலவில்லாமல் நடந்த சீர்திருத்தம் ஒன்றும் உண்டு. 2017 மே மாதம் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அதுவரை தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளைகள் பட்ட வேதனை கொஞ்சமா? அதோடு வந்த இன்னொரு மாற்றம் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த பிராய்லர் பள்ளிகளுக்குக் கடிவாளம் போட வந்தது அது. நோக்கம் சரிதான். ஆனால் பிள்ளைகள் தலையில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வரிசையாக மூன்று பொதுத்தேர்வு. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. ஒரு தேர்வால் வந்த நோய்க்கு இன்னொரு தேர்வை மருந்தாகக் கொடுத்துப் பார்த்து, திரும்ப எடுத்துக்கொண்டோம்.

நீட் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். நீட்டில் 720க்கு 86. இரண்டும் அதே பெண்ணின் மதிப்பெண்கள். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். ஒரு தேர்வு சொன்னதை இன்னொரு தேர்வு இப்படி மறுக்கிறது என்றால், நாம் அளந்தது என்ன என்ற கேள்வியை அன்றே பள்ளிக்கூடங்களுக்குள் கேட்டிருக்க வேண்டும். நாம் கோச்சிங் சென்டரைத்தான் தேடினோம்.

வெளியிலிருந்து வந்து அளந்தவர்களும் உண்டு. பல நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளை ஒரே அளவுகோலில் ஒப்பிடும் பைசா (PISA) தேர்வின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. பதினைந்து வயதுப் பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்கிறார்களா, கணக்கையும் அறிவியலையும் வாழ்க்கையில் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பார்க்கும் தேர்வு அது. முடிவு 2011 டிசம்பரில் வந்தது. பட்டியலின் அடிமட்டத்தில் இருந்தோம். கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, அடுத்தடுத்த சுற்றுகளில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. பொருந்தாத கேள்விகள் இருந்திருக்கலாம். ஆனால் நூற்றுக்கு நூறு எடுக்கும் பிள்ளைகள் ஏராளமாக இருக்கும் மாநிலத்துக்குப் பழக்கமில்லாத கேள்வியைக் கண்டாலே கை நடுங்குகிறதே, அதை ஏன் பேசவில்லை?

அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அது வேற்று நாட்டுச் செய்தியாகவே தெரியவில்லை. 2002இல் அமெரிக்கா முழுமைக்கும் வந்த சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வு வைத்து, பள்ளிகளின் தலைவிதியை அந்த எண்ணோடு கட்டியது. 2011இல் அட்லாண்டா பற்றிய விசாரணை அறிக்கை வந்தபோது, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் முறைகேட்டில் சிக்கியிருந்தார்கள். பிள்ளைகளின் விடைத்தாளில் தப்பான விடையை ரப்பரால் அழித்துச் சரியானதை நிரப்பியிருக்கிறார்கள். அவர்கள் செய்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளியின் ஆசிரியராக, ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொன்னவன் நான். அந்த ரப்பர் எப்படிக் கைக்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

அதற்காகப் பொதுத்தேர்வையே தூக்கிவிடு என்று நான் சொல்லவில்லை. என் அப்பா கைநாட்டு. நான் யார் வீட்டுப் பிள்ளை, என்ன சாதி, எந்த ஊர் என்று தெரியாத ஒருவர் டம்மி நம்பரை மட்டும் பார்த்து என் தாளைத் திருத்தியதால்தான் கல்லூரிக்குப் போனேன். வேலையும் அதனால்தான். உள்மதிப்பெண் முழுக்க உள்ளூர்க்காரர் கையில் இருந்திருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது. அதனால்தான் அந்தத் தேர்வு நல்ல தேர்வாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு கேட்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்களே, அன்று எங்கள் ஆசிரியர் அறையில் விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பின்லாந்தில் நாடு முழுமைக்கும் ஒரே பொதுத்தேர்வுதான், மேல்நிலைக் கல்வி முடிகிற இடத்தில். 2019 வசந்த காலத்தோடு அதை முழுக்கக் கணினிக்கு மாற்றிவிட்டார்கள். கணினியை அவர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேர்வுத் திரையிலேயே வரைபடம், புள்ளிவிவரம், காணொளி எல்லாம் கொடுத்து, இவற்றை வைத்து உன் முடிவைச் சொல், ஏன் என்று எழுது என்கிறார்கள். நம்மைவிடச் சின்ன, வசதியான நாடு, அப்படியே தூக்கி வந்து இங்கே நட முடியாது, தெரியும். கேள்வி கேட்கும் விதத்தைக் கற்றுக்கொள்ளலாமே?

இப்போது அவசரமும் கூடிவிட்டது. எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போனில் ஏஐயிடம் தமிழிலேயே பேசிக் கேட்கிறார்கள், ஐந்து மதிப்பெண் விடை உபதலைப்போடு வந்து விழுகிறது. அதைப் பார்த்து நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்துக்கு நீட்டுகிறார்கள். ஒரு கருவி நொடியில் செய்வதைப் பத்து மாதம் பழக்கி, மூன்று மணி நேரம் உட்கார வைத்து எழுத வாங்குவதில் இனி என்ன பொருள்? ஆனால் வெங்காயத் தோலைச் சொட்டுக்கு மேலே பிடித்து, தெளிவாகத் தெரியும்வரை கை நடுங்காமல் காத்திருப்பதை அந்தப் பிள்ளைதான் செய்ய வேண்டும்.

தாளில் கால்வாசிக் கேள்வியாவது புத்தகத்தில் இல்லாத ஒரு படத்தையோ அட்டவணையையோ கொடுத்து, இதில் என்ன தெரிகிறது என்று கேட்கட்டும். விடைக்குறிப்பில் "பொருத்தமான பிற விடைக்கும் மதிப்பெண் வழங்கலாம்" என்று ஒரு வரி இருக்கட்டும், அந்த வரியை நம்பி மதிப்பெண் போடும் ஆசிரியரை யாரும் விளக்கம் கேட்காமல் இருக்கட்டும். பள்ளி எப்படி இருக்கிறது என்று அரசுக்குத் தெரிய வேண்டுமா, சில பள்ளிகளில் சில பிள்ளைகளை மாதிரிக்கு எடுத்துச் சோதித்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளையையும் மாதா மாதம் திரை முன்னால் உட்கார வைக்க வேண்டியதில்லை. தொழில்நுட்பம் உதவ வேண்டும் என்றால் முதலில் என் பதிவேட்டுச் சுமையைக் குறைக்கட்டும். செயலியில் ஏற்றியதையே நோட்டிலும் எழுதி, நோட்டில் எழுதியதையே படம் எடுத்து அனுப்பும் நேரத்தில் நான் நான்கு பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிடுவேன்.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண்ணின் தாளை எடுத்து, இரண்டை அடித்துவிட்டு நான்கு என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். செயலியில் மாற்றப் போனால், பதிவேற்றும் கடைசி நாள் முடிந்துவிட்டது, திறக்கவில்லை. தாளை அவளிடம் கொடுத்து, என் தப்புதான் என்று சொன்னேன். மதிப்பெண்ணைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "உட்கரு எப்ப சார் தெரியும்?" என்றுதான் கேட்டாள். நுண்ணோக்கியின் லென்ஸைத் துடைத்துச் சரிசெய்து வாங்கி வந்துவிட்டேன். உட்கருவுக்கு நிறமேற்ற மருந்துக்கடையில் ஒரு அயோடின் குப்பியும் வாங்கியாயிற்று. நாளை முதல் பீரியட் ஆறாம் வகுப்பு.