பின்லேடனைச் சுட்டவர் யார் என்று அமெரிக்க அரசு அறிவித்ததா?

"பின்லேடனைக் கொன்றவர் ராபர்ட் ஓ'நீல்தான் என அமெரிக்க அரசே அறிவித்துவிட்டது" என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் பின்லேடன் இருந்த வீட்டுக்குள் நுழைந்த அமெரிக்கக் கடற்படையின் சிறப்பு அதிரடிப் படையான சீல் குழுவில் ஓ'நீல் இருந்தார். அதில் சர்ச்சை இல்லை. ஆனால் கொன்றது தன் குண்டுதான் என்று 2014 நவம்பரில் வெளிப்படையாகச் சொன்னவர் அவரேதான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் அதை உறுதி செய்ததில்லை. அதே குழுவில் இருந்த மாட் பிசொனெட் 2012-இல் புனைபெயரில் எழுதிய நூல், மாடிப்படியில் முன்னால் போன வேறொரு வீரரே முதலில் சுட்டார் என்கிறது. முன் அனுமதி வாங்காமல் அதை வெளியிட்டதால், நூலில் வந்த 60 லட்சம் டாலருக்கும் அதிகமான பணத்தை அரசிடம் ஒப்படைக்க அவர் 2016-இல் ஒப்புக்கொண்டார்.

அப்புறம், சீல் படையின் நெறியே "பணியை விளம்பரப்படுத்தாதே, பாராட்டைத் தேடாதே" என்பதுதான். 2014 அக்டோபர் இறுதியில் படைத் தலைமை இதைக் கடிதம் எழுதி நினைவூட்டியது.

ஓ'நீல் மேடையில் பேசிச் சம்பாதிப்பது அவர் விருப்பம். ஆனால் பெயரே வெளியே தெரியாத மற்ற வீரர்களின் பங்கையும் ஒரே ஆளுக்கு எழுதிக்கொடுப்பது அநியாயம். பகிர்வதானால் "ஓ'நீல் கூற்றுப்படி" என்று சேர்த்துப் பகிருங்கள்.