கீழக்கரைக்காரனுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய டீசல் கார்?

ராமநாதபுரம் கடற்கரையில் குடியிருக்கிறவர்களுக்கு முக்கியமான எதுவும் பக்கத்தில் கிடையாது. கொஞ்சம் பெரிய வைத்தியம் என்றால் மதுரை. துபாயிலிருந்து வருகிற மச்சானைக் கூப்பிட மதுரை ஏர்போர்ட், இல்லையென்றால் திருச்சி. வியாபாரம், பிள்ளைகளின் காலேஜ் என்றால் சென்னை, அது ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். கீழக்கரையிலோ தொண்டியிலோ மண்டபத்திலோ பெரிய கார் வாங்குகிறவர் தெருவில் ஓட்டுவதற்காக வாங்குவதில்லை. எங்கள் தெருக்கள் பாதிக்குள் அது நுழையவே நுழையாது. நெடுஞ்சாலைக்காகத்தான் வாங்குகிறார். அதனால்தான் "டீசல் காலம் முடிஞ்சு போச்சு, இனிமே யாரும் தொடாதீங்க" என்று நாலு பக்கமிருந்தும் சொல்லும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. ஏன் என்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் ஓட்டுவது ஸ்கோடா சூப்பர்ப், 2.0 லிட்டர் டீசல், பிஎஸ்4 என்கிற பழைய புகைக் கட்டுப்பாட்டு விதி காலத்து வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 177 குதிரைத்திறன். ஆனால் இந்த மாதிரி வண்டியை எடை போட வேண்டியது குதிரைத்திறனை வைத்து இல்லை, டார்க்கை, அதாவது எஞ்சின் சுழற்றுகிற விசையை வைத்து. 350 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்கு 1,750 சுற்றிலேயே முழுசாகக் கைக்கு வந்துவிடும். நம் ஊரில் எல்லோரும் ஓட்டிப் பழகிய ஸ்விஃப்ட் டீசலுக்கு 190தான். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினை 4,000 சுற்றுக்கு விரட்டினால்தான் இழுவை கிடைக்கும், எஞ்சின் கத்தும், கியரை இரண்டு தடவை இறக்க வேண்டியிருக்கும். டீசலில் எஞ்சின் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை தயாராக நிற்கிறது. விசைப்படகில் லேலண்ட் எஞ்சினை வைத்து மடி வலை இழுக்கிற நம் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீசலின் குணம் அவர்களுக்குக் காதிலேயே தெரியும்.

இந்த இழுவை எங்கே உதவுகிறது? 180இல் பறப்பதற்கு என்று நினைப்பவர்கள் பரமக்குடி ரோட்டில் ஒரு ராத்திரி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலு வழி. அங்கிருந்து ராமநாதபுரம் வரை ரெண்டு வழி. முன்னால் சீமைக்கருவேலங்கரி மூட்டைகளை அடுக்கி, தார்ப்பாய் ஒரு பக்கம் பிதுங்க ஒரு லாரி அறுபதில் போய்க்கொண்டிருக்கும். எதிரே மதுரை பஸ். நடுவில் டெயில் லைட் இல்லாமல் ஒரு டிவிஎஸ் வண்டி. இந்த லாரியைத் தாண்டும்போது எதிர்ப்பக்கத்தில் நாம் எத்தனை வினாடி இருக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. பலமில்லாத வண்டிக்குப் பத்து வினாடி ஆகிறது, பலமுள்ள வண்டிக்கு ஆறு என்று வையுங்கள். எண்பதில் வருகிற பஸ் ஒவ்வொரு வினாடிக்கும் 22 மீட்டர் நெருங்குகிறது. நாலு வினாடி மிச்சம் என்றால், நாம் நம் பக்கத்துக்குத் திரும்பும்போது அந்த பஸ் 88 மீட்டர் கூடுதலாகத் தள்ளி இருக்கிறது. நான் பணம் கொடுத்தது அந்த 88 மீட்டருக்கு. பலம் இருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு: அவசரம் குறைகிறது. நினைத்த இடத்தில் தாண்ட முடியும் என்று தெரிந்தால் வளைவுக்கு முன்னால் தலையை நீட்டிப் பார்க்கிற பதற்றம் இருக்காது. லாரிக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு, நேர்ரோடு வரும்வரை காத்திருக்கலாம்.

எங்கள் உம்மா பழைய காரில் முன்சீட்டில் உட்கார்ந்தால் மேலே இருக்கிற கைப்பிடியை விடவே மாட்டார்கள். ஒவ்வொரு ஓவர்டேக்குக்கும் உதடு அசையும், காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பார்கள். இந்த வண்டியில் சத்திரக்குடி தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறார்கள். இதைவிட நல்ல ரிவ்யூ எனக்கு வேண்டாம்.

சரி, நாலு வழிச்சாலைக்கு வருவோம். திருச்சி தாண்டி சமயபுரம் டோல் கடந்ததும் பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று ஒரே நீளம். ஆறாவது கியரில் நூறில் வைத்தால் எஞ்சின் சுமார் 1,800 சுற்றில் ஓடும். பின்சீட்டில் இருக்கிறவர்கள் குரலை உயர்த்தாமல் பேசலாம். என் கையில் இந்த வேகத்தில் லிட்டருக்குப் பதினாறு, பதினேழு கிடைக்கிறது. 66 லிட்டர் டேங்க். ஊரில் நிரப்பிக் கிளம்பினால் சென்னை போய்ச் சேர்ந்து, திரும்பி வருகிற வழியில் திருச்சிக்கு அப்புறம்தான் பங்க் பக்கம் திரும்புவேன். டிக்கி 625 லிட்டர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கயிறு கட்டிக் கொண்டுவருகிற அட்டைப்பெட்டிகளை மேலே கேரியர் போடாமல் உள்ளே வைக்கிற கார் எத்தனை இருக்கிறது சொல்லுங்கள்!

அந்த நூறோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 140இல் போகிற காரின் இயக்க ஆற்றல் நூறில் போவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேகம் நாற்பது சதவீதம்தான் கூடியிருக்கிறது, பிரேக் தின்ன வேண்டியது இரட்டிப்பு. காற்றின் எதிர்ப்பும் அதே கணக்கில் ஏறுவதால் மைலேஜ் சரிந்துவிடும். 2018இல் மத்திய அரசு கார்களுக்கு எக்ஸ்பிரஸ் சாலையில் 120 என்று வரம்பை உயர்த்தியது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் விபத்துகளைச் சுட்டிக்காட்டி அந்த அறிவிப்பை ரத்து செய்தது. அன்றைக்குக் கார் பிரியர்கள் நிறையப் பேர் கோபப்பட்டார்கள். நான் நீதிமன்றத்தின் பக்கம்தான். ஜெர்மனிக்காரன் ஆட்டோபானில் ஓட்டுகிறான் என்றால் அங்கே மீடியன் இடைவெளியில் பைக் குறுக்கே வராது, ராங் சைடில் டிராக்டர் வராது. இங்கே தொழுதூர் பக்கம் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். ஸ்பீடோமீட்டரை வீடியோ எடுத்துப் போடுகிற தம்பிகள் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

டயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நம் பகுதிக்கே உரிய ஆபத்து. இங்கே பெரிய கார்கள் பலதும் வளைகுடாவில் இருப்பவர்களுடையவை. வண்டி பத்து மாதம் ஷெட்டில் நிற்கும், ஒரு மாதம் ஓடும். டயரில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற வரிகள், புதுசு மாதிரியே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப் போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கிறது. 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. விடுமுறையில் வந்து அப்படியே சாவியை எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்புகிற காக்காமார்களே (அண்ணன்மார்களே), முதலில் குனிந்து அந்த எண்ணைப் பாருங்கள். சித்திரை வெயிலில் ஐந்து பேரும் சாமானும் ஏற்றி நூறில் போகும்போது பழைய டயர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வெடிக்காது.

அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. தொண்டி, தேவிபட்டினம், சாயல்குடி என்று போகிற இந்த ரோட்டில் பலம் இருந்தும் பயன்படுத்தக் கூடாது. மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். அதில் மீன் கொழுப்பும் கலந்திருப்பதால் வளைவுகளில் வழுக்கும். மாசி, பங்குனியில் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ரோட்டோரம் முழுக்கக் குண்டு மிளகாய் காயும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே வரை சிவப்பாக விரித்துக் கிடக்கும். ஒரு அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடி காலாலேயே கிளறிவிடுவார். அந்த இடத்தில் எழுபதே அதிகம். பாம்பன் பாலத்தில் மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கனமான காரும் ஸ்டியரிங்கில் லேசாக ஒரு பக்கம் இழுக்கும், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

கடற்கரையில் இந்த வண்டியை வைத்துக்கொள்வது தனி வேலை. தனுஷ்கோடி போய்விட்டு வந்து இரண்டு நாள் நிறுத்தினால் பிரேக் டிஸ்க்கில் காவி நிறத்தில் துரு பூத்திருக்கும். அது மேலோட்டமானது, நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். கேலிப்பர் பின்னும், சைலன்சர் கிளாம்புகளும், முன்னால் இருக்கிற ஏசி கண்டென்சரும்தான் மெல்ல மெல்ல அரிக்கப்படும். அடிப்பகுதியைத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்வார்கள். எந்தத் தண்ணீர்? நம் போர் தண்ணீர் பாதி ஊர்களில் உவர். அதில் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் பூசுவதுதான். நான் அடிப்பகுதிக்கு மட்டும் நல்ல தண்ணீர் விலைக்கு வாங்குகிறேன், இல்லாவிட்டால் மதுரைக்கு சர்வீசுக்குப் போகும்போது அங்கேயே கழுவிக்கொள்கிறேன்.

டீசல் புகையைப் பற்றிக் கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. 2015இல் ஃபோக்ஸ்வேகன் புகைச் சோதனையை ஏமாற்றிய விவகாரம் வெளிவந்தபோது டீசல் மீதிருந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டது. நைட்ரஜன் ஆக்சைடு நுரையீரலுக்குக் கெடுதல், அதை மறுக்க முடியாது. ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புது விதி வந்தபின் எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10க்கு இறங்கியது, துகள் வடிகட்டியும் வந்தது. அந்த வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாக வேண்டுமென்றால் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அதற்கு இடைவிடாமல் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், கடை, வீடு என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிற டீசல் கார் அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும். ஆகவே ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் டீசல் வாங்க வேண்டாம். பெட்ரோலோ மின்சாரக் காரோ வாங்குங்கள். மாதத்துக்கு நாலைந்து தடவை மதுரையோ திருச்சியோ போகிறவர்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் டீசலைச் சொல்வேன்.

புதுசாக வாங்கத்தான் வழி குறுகிவிட்டது. ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன், ஆடி மூன்றும் 2020இல் இந்தியாவில் டீசலைக் கைவிட்டன. மெர்சிடிஸ் ஈ கிளாஸில் டீசல் இருக்கிறது, அது வேறு விலை. செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்கள் கிலோமீட்டர் அதிகம் ஓடிய வண்டியைப் பார்த்து மிரள வேண்டாம். நெடுஞ்சாலையில் ஒன்றரை லட்சம் ஓடியதை, ஊருக்குள் நாற்பதாயிரம் ஓடி ஷெட்டில் கிடந்ததைவிட நான் நம்புவேன். சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருக்க வேண்டும். ஆறு கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கியர் ஆயில் மாற்றிய பில் வேண்டும். பில் இல்லையென்றால் விலையைப் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

பரமக்குடி–ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டரை நாலு வழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் 1,853 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. வரட்டும், கரி லாரியைத் தாண்டுகிற அந்தப் பயம் எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாமல் போகட்டும். ஆனால் தார் போடுவதற்கு முன்னால், சர்வீஸ் ரோட்டை ஊர் எல்லைகளில் அறுந்து போகாமல் போடுங்கள். லாரிகள் நிறுத்த இடம் விடுங்கள், இல்லையென்றால் அவை இடது ஓரத்தில் விளக்கில்லாமல்தான் நிற்கும். மிளகாய் காயப்போட ரோட்டைத் தவிர வேறு இடம் இல்லாத ஊர்களுக்கு சிமெண்டுக் களம் கட்டிக் கொடுங்கள். திட்ட வரைபடம் கையில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் களங்கள் அதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.